பூமணி அக்கா பூசிய சிவப்பு

செய்தி வந்தபோது நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

மின்சாரமும் இல்லை, சண்டைத் தடையால் பற்றறியும் குடாநாட்டுக்குள் வராது என்கிற இந்தக் காலத்தில் நாங்கள் ரேடியோ கேட்கிற விதம் அதுதான். துவிச்சக்கரவண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் ஏறியிருந்து மிதிக்க வேண்டும். டைனமோ சுற்றும், ரேடியோ கதைக்கும், சுற்றிவர ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து கேட்பார்கள். வயிறு வற்றட்டும் என்று என் மனைவி என்னைத்தான் ஏற்றிவிடுவாள். அன்று பின்னேரமும் அப்படித்தான். பூமணி அக்காவின் பெறாமகள் வசந்தி படலையைத் திறந்துகொண்டு வந்து, "அண்ணை, பெரியம்மா மத்தியானம் நித்திரையிலேயே போயிட்டா" என்றாள். என் கால் நின்றது. ரேடியோவும் நின்றது. "மிதியுங்கோ, மிதியுங்கோ!" என்று ஆட்கள் கத்தினார்கள். நான் டைனமோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ரேடியோவுக்குப் போகிற கம்பியின் பொருத்தில் ஒரு பொட்டு சிவப்பு நகப்பூச்சு. அந்தக் கம்பியை ஒட்டித் தந்ததும் அக்காதான்.

உண்மையைச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னம் எனக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சுத்தான் வந்தது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவர். கேட்ட மருந்தில் பாதி கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் நோகாமல் போய்ச் சேர்ந்தாரே என்பது ஒன்று. மற்றது என் சொந்த நிம்மதி. பல வருசமாக நெஞ்சுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒன்றை, பத்து நாளைக்கு முன்னம்தான் அவரிடம் போய்ச் சொல்லியிருந்தேன்.

ஆனால் செத்தவீட்டில் அந்த நிம்மதி பாதியாகக் குறைந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த எங்கள் தீவுக்காரர் ஒருவர் மெல்லச் சொன்னார். "நல்ல மனிசி. கெட்டிக்காரி. ஆனா மனிசருக்கு ஒரு பிழையும் வராமல் இருக்குமே? அண்டைக்குப் பாலத்திலை உம்மடை மோட்டார் சைக்கிள் செத்த விசயம்..." என்று சொல்லி, பாவம் என்று என் தோளையும் தட்டினார். நான் என்ன செய்தேன்? தேத்தண்ணியை ஒரு முறடு குடித்துவிட்டுத் தலையாட்டினேன். பிரேதம் வீட்டுக்குள் கிடக்கிறது, நான் தலையாட்டுகிறேன்.

அதனால்தான் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டுக்கு, இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வசந்தி கேட்டபோது ஓம் என்றேன். என் படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்குச் சோதினையை மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் ஒரே மாதிரிக் கோட்டை விட்டவன். இப்போது கடதாசி இல்லாமல் கல்வெட்டையும் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அச்சடிக்கிறார்கள் என்றாள். நல்லது. என் எழுத்து முதல் தடவையாகக் கோட்டில் நிற்கப்போகிறது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அன்று பாலத்தில் என் மோட்டார் சைக்கிள் நின்றதற்கு அவர் காரணம் இல்லை. நான்தான். எப்படி என்று கேளுங்கள்.

எண்பத்துமூன்றில் தெற்கிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சனத்தோடு எங்கள் புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்தவர் பூமணி அக்கா. தெற்கே ஒரு பட்டினத்தில் அவருடைய கணவர் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். கடையின் முன்பக்கத்தில் கணவர் கதைத்துக்கொண்டிருக்க, பின்பக்கத்தில் இருந்து கம்பி சுற்றியதும் ஈயம் ஒட்டியதும் அக்கா. கணவர் முந்தின வருசமே காலமாகிவிட்டார். கலவரத்தில் கடையும் போனது. மற்றவர்கள் சூட்கேசில் சேலையும் காணி உறுதியும் கொண்டுவந்தபோது, அக்காவின் சூட்கேசில் இருந்தவை ஒரு சுருள் செப்புக்கம்பி, ஈயக்கட்டி, ஈயம் ஒட்டுகிற கோல், கணவரின் வேட்டி இரண்டு. மடத்துவெளியில் அவர் வீட்டுக்கு அப்போது மின்சாரம் இல்லை. கோலைச் சிரட்டைத் தணலில் வைத்துப் பழுக்கக் காய்ச்சித்தான் வேலை. குசினியில் ஒரு அடுப்பில் சோறு, மற்ற அடுப்பில் கோல்.

ரேடியோ திருத்த வந்தவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறியது எங்கள் கடலால். தீவில் ஓடியவை எல்லாம் பத்துப் பதினைந்து வயசான ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள். எங்கள் ஆட்களுக்குத் தெற்கில் வியாபாரம் நல்லாய் நடந்த காலத்தில் வாங்கி அனுப்பியவை. என்னுடையது என் தமையனார் வாங்கித் தந்தது, ஆறு வோல்ட், இரண்டு சிலிண்டர். எஞ்சின் ஓடும்போது உள்ளே மின்சாரம் உண்டாகும். அதைப் பற்றறி விழுங்கக்கூடியதாக மாற்றிக் கொடுக்க ஒரு சின்னத் தகட்டு அடுக்கு இருக்கும். வயசு போனால் அந்தத் தகடு சோம்பேறியாகிவிடும். அளவு பார்த்துக் கொடுப்பதற்கும் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் ஆள் இல்லை. ஒன்றில் பற்றறி பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் வயிறு வெடிக்கத் தின்று கொதிக்கும். இதற்கு மேல் உப்புக்காற்று. இவ்வளவும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் தரம் நான் அவரிடம் போனது பற்றறி அடிக்கடி செத்துக்கொண்டிருந்தபோது. திறந்து பார்த்தவர், "என்ன தண்ணி விடுறனீர்?" என்று கேட்டார்.

நான் பெருமையாகச் சொன்னேன். "சுருவில் ஊர்ப் பக்கத்து நல்ல தண்ணி, அக்கா. வீட்டிலை பிள்ளையளுக்கே அளந்துதான் குடுக்கிறது. இதுக்கு மட்டும் குறை வைக்கிறதில்லை."

தீவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெருமை விளங்கும். எங்களுக்கு உலகத்தில் இரண்டு தண்ணீர்தான், உவர்த்தண்ணி, நல்ல தண்ணி. பாலம் கடந்து பிளாஸ்ரிக் கானில் கட்டிக்கொண்டு வருகிற நல்ல தண்ணியில் மனைவி தேத்தண்ணி வைக்க முன்னம் பற்றறிக்கு ஒரு பங்கு வார்க்கிற தகப்பன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, அது உம்மடை நாக்குக்குத்தான் நல்ல தண்ணி. பற்றறிக்கு நாக்கு இல்லை. கிணத்திலை வாறது எல்லாம் அதுக்கு நஞ்சு" என்றார்.

அதற்கு அவர் வைத்திருந்த மருந்து மழை. ஐப்பசி பிறந்ததும் முற்றத்தில் நாலு கம்பு நட்டு, கணவரின் வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கீழே கண்ணாடிச் சாடியை வைத்துவிடுவார். முதல் மழையைப் பிடிக்கமாட்டார். அது காற்றில் இருக்கிற உப்பைக் கழுவுகிற மழையாம். இரண்டாவது வேட்டியைக் கழுவுகிற மழை. மூன்றாவதுதான் பற்றறிக்கு. போத்தலோடு போய் நிற்கிற எங்களைப் பார்த்து, "கூரைத் தண்ணியைக் கலந்துபோட்டு என்னட்டை வராதையுங்கோ" என்று எச்சரிப்பார்.

அவரோடு எனக்கு ஒத்துவராத விசயம் ஒன்றுதான். பழுதான மோட்டார் சைக்கிளைவிட, பழுதாகாத மோட்டார் சைக்கிளில் கை வைக்கத்தான் அவருக்கு விருப்பம்.

"நல்லா ஓடுதக்கா, பேந்து பாப்பம்" என்று ஒரு நாள் நழுவப் பார்த்தேன்.

"நல்லா ஓடுதெண்டு சொல்லாதையும். இண்டைக்கு ஓடுதெண்டு சொல்லும்" என்றார். "பழுதாய்ப் போனா எவனும் திருத்துவான். நான் வேலை செய்யிறது நாளைக்காக."

பிறகு, "ஹோனை அடியும்" என்றார். அதுதான் அவருடைய சோதினை. எஞ்சின் மெல்ல ஓடும்போது ஒரு தரம், முறுக்கி ஒரு தரம். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மாரி முடிய முன்னம் இது நிற்கும் என்றார். நான் பணிந்தேன்.

பழைய தகட்டு அடுக்கைக் கழற்றி எறிந்தார். உடைந்த கார் ஒன்றிலிருந்து எடுத்த, சுண்டுவிரல் நுனி அளவான நாலு டயோட்டை, சட்டி மூடியிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டில் பூட்டினார். பற்றறி நிறைந்ததும் 'காணும், போதும்' என்று மிச்சத்தை மறிக்கிற, தீப்பெட்டியளவான ஒரு தகரப்பெட்டியைத் தானே செய்து வைத்தார். செருகிக் கிடந்த கம்பிகளை வெட்டி ஈயம் வைத்து ஒட்டினார். கடைசியில் உப்புப் பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு பொருத்துக்கும் நகப்பூச்சு. நல்ல சிவப்பு. கலியாணப் பொம்பிளையின் சிவப்பு.

தீவில் அக்கா கை வைத்த மோட்டார் சைக்கிளை அந்தச் சிவப்பால்தான் அடையாளம் பிடிப்பார்கள். மீன்காரச் சின்னத்துரை அண்ணையின் மோட்டார் சைக்கிளில் பக்கமூடிகூட இல்லை. சிவப்பெல்லாம் ஊருக்குத் தெரிய ஓடுவார். அவருக்கு வெட்கம் இல்லை. எனக்கு இருந்தது.

ஒரு கலியாண வீட்டு வாசலில் என் மச்சான் நடராசா, சும்மா இருக்கமாட்டாமல் என்னுடையதன் பக்கமூடியைத் திறந்துவிட்டார். உள்ளே நாலு பொருத்தும் நகம் பூசிய விரல் மாதிரி நின்றன.

"என்ன மச்சான், மோட்டார் சைக்கிள் பெரியபிள்ளையாயிட்டுதோ? சாமத்தியச் சடங்கோ? எங்களுக்குச் சொல்லவும் இல்லை!"

பந்தலே சிரித்தது. "தண்ணி வார்க்கிறது எப்ப?" என்று ஒருவர். "மாமன் முறைக்கு ஆர்?" என்று இன்னொருவர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், முகம் வழிக்கிற பிளேட்டில் பாதியை முறித்து, நாலு பொருத்திலும் இருந்த சிவப்பைச் சுரண்டி எடுத்தேன். கை கொஞ்சம் அழுத்திவிட்டது. ஒரு கம்பியில் கீறல் விழுந்ததைக் கண்டேன். கண்டும் மூடியைப் பூட்டினேன்.

அது கார்த்திகை. மார்கழியில் என் மகள் சாந்திக்குப் பத்தாம் வகுப்புச் சோதினை. மண்டபம் வேலணையில். பஸ் வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. அதனால் என் மோட்டார் சைக்கிள். அன்று கணக்கு. தகப்பன் மூன்று தரம் விழுந்த குழியை மகள் ஒரே பாய்ச்சலில் தாண்ட வேண்டும் என்று நான் வைக்காத நேர்த்தி இல்லை.

மழைத் தூறல். புங்குடுதீவையும் வேலணையையும் சேர்க்கிற பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் எழும்பி அடிக்கிறது. நடுவில் வந்தபோது எதிரே வந்த ஆட்டுக்கு ஹோன் அடித்தேன். ஆட்டைவிட மெலிந்த சத்தம். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றது. என்னுடையது பற்றறியில் பொறி வாங்குகிற எஞ்சின். பற்றறி செத்தால் அதுவும் சாகும். இருபது தரம் உதைத்தேன். மூடியைத் திறந்தேன். நான் சுரண்டிய பொருத்துகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கீறல் விழுந்த கம்பி அறுந்து தொங்கியது.

"அப்பா, நான் நடக்கிறன்" என்றாள் சாந்தி. சோதினை அட்டையைப் பொலித்தீன் பையோடு நெஞ்சில் அணைத்தபடி நின்றாள். மண்டபத்துக்கு இன்னும் ஐந்து கட்டை தூரம் இருக்கும். நடந்தால் நேரம் காணாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு ஹோன். மாடு கத்தினமாதிரி. சின்னத்துரை அண்ணை. என்னுடையதைவிடப் பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் மீன்பெட்டி, மூடி இல்லாத பக்கத்தில் மழையில் மினுங்குகிற சிவப்புப் பொட்டுகள்.

"சோதினைப் பிள்ளையோ? ஏறு மோனை பெட்டிக்கு மேலை!"

வெள்ளைச் சட்டையோடு மகள் மீன்பெட்டியில் ஏறினாள். அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை அந்த ஹோன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிசம் இருக்கப் போய்ச் சேர்ந்தாளாம். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்குச் செய்தவையாம். பிறகு வந்த பெறுபேற்றில் கணக்குக்கு டி, அதிவிசேட சித்தி. மீன்மணம் வீசிய டி.

பின்னேரம் வீட்டில் மகள் கேட்டாள். "ஏனப்பா நிண்டது?"

இந்த இடத்தில் ஒரு மனிசன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது, "பூமணி அக்கா வைச்ச பெட்டி எரிஞ்சுபோச்சு, பிள்ளை."

மகளுக்குச் சொன்ன பொய்யை ஊருக்கு மாற்றிச் சொல்ல ஏலாது. கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். நான் சொன்னது ஒரு மடங்கு, ஊர் சொன்னது பத்து மடங்கு. "பொம்பிளை கை வைச்சால் இப்பிடித்தான்" என்றார்கள். அனலைதீவிலிருந்து வள்ளத்தில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வர இருந்த ஒருவர், வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். தைப்பொங்கல் வரை அக்காவின் முற்றத்தில் சின்னத்துரை அண்ணையின் மோட்டார் சைக்கிளைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. அக்கா எங்கேயும் போய் வாதாடவில்லை.

எனக்கு வேறு வழி இருந்ததா? எங்கே கொண்டுபோனாலும், "இது அக்காவின்ரை வேலை, எங்களுக்கு விளங்காது" என்றார்கள். கடைசியில் தை மாதம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடமே போய் நின்றேன். மூடியைத் திறந்தார். நாலு பொருத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலுக்குக் கீழே நிலம் பிளக்காதா என்று நின்றேன்.

"பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவளோ?"

"ஓம் அக்கா."

"அது காணும். பொருத்திலை உப்புப் பிடிச்சிட்டுது."

அவ்வளவுதான். கோலைத் தணலில் வைத்தார். எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினார். "ஒரு கிழமையாலை வந்து எடும், இதுக்குப் பூச்சு வர வேணும்" என்றார். ஒரு கிழமை கழித்துப் போனால், பொருத்துகளில் பூசியிருந்தது நிறமில்லாத பூச்சு. கண்ணாடிமாதிரி, பூசியது தெரியவே தெரியாது.

"சிவப்பு முடிஞ்சுதோ அக்கா?" என்று கேட்டேன், மடையன்.

"ம்" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கெட்டிக்காரன் மாதிரி ஹோன் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தொண்ணூறில் சண்டையால் தீவை விட்டு எல்லாரும் இந்தக் குடாநாட்டுப் பக்கம் வந்தோம். பற்றறி உள்ளே வராது என்றான பிறகுதான் அக்காவின் அருமை சனத்துக்கு விளங்கியது. அவர் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்களின் பற்றறிகள் கொதிக்காமல், வற்றாமல், மற்றவர்களுடையதைவிட நெடுநாள் தாங்கின. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு என்னுடையதும் ஓடியது. ஒவ்வொரு தரமும் அது பிடிக்கும்போது எனக்குச் சந்தோசம் வரும். அதற்குப் பின்னாலேயே அந்தப் பொய்யும் வரும்.

அக்காவுக்கு நோய் கடுமை என்று வசந்தி சொன்ன அன்று மத்தியானம் புறப்பட்டுப் போனேன். கட்டிலில் ஒரு பிடி உடம்பாகக் கிடந்தார். கண்ணைத் திறக்காமல், "மண்ணெண்ணெய் மணக்குது. தம்பியோ?" என்றார். "போய் ஹோனை அடியும்."

வெளியே போய் அடித்துவிட்டு வந்தேன்.

"ம். உயிர் இருக்குது" என்றார்.

நான் கட்டில் காலடியில் குந்தியிருந்து, பிளேட்டிலிருந்து தொடங்கிப் பொய் வரைக்கும் சொல்லி முடித்தேன். சொல்லும்போது என் குரல் அன்று பாலத்தில் அடித்த ஹோன் மாதிரி மெலிந்துபோனது. அக்காவின் வாயோரம் சிரிப்பு வந்தது.

"உப்பு நேர்கோட்டிலை அரிக்காது, தம்பி. பிளேட் பிடிச்ச தடம் அண்டைக்கே கண்டனான்."

"அப்ப அந்த நிறமில்லாத பூச்சு?"

"உமக்கெண்டு அனலைதீவுக்கு ஆள் விட்டு ஒரு கலியாணப் பொம்பிளையிட்டை வாங்கினது. திரும்பச் சிவப்பைப் பூசினா, திரும்பவும் சுரண்டுவீர்."

"பேந்தேனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா என்ரை பெயர் நிமிரும். ஆனா உம்மடை பிள்ளை உம்மை நம்பாமல் விட்டிடும். எனக்கு வேறை மோட்டார் சைக்கிள் வரும். அவளுக்கு வேறை அப்பன் வருவானே?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சாந்திக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"இப்ப வளந்திட்டாள்தானே. வேறை ஆரும் சொல்ல முன்னம் நீர் சொல்லும்."

சாகப்போகிற நேரத்திலும் பழுதாக முன்னம் திருத்தச் சொன்ன மனிசி.

சாந்தி இப்போது கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்கிற சாட்டில் அவளிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இருந்தாள். நான் எதிரே, நாலாம் தரம் சோதினை எழுதிய மாணவன் மாதிரி நின்றேன். ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசித்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தாள்.

"பதினேழு எழுத்துப் பிழை, அப்பா."

"மற்றது?"

"மற்றதிலை பிழை இல்லை."

என் வாழ்நாளில் நான் சித்தியடைந்த ஒரே சோதினை இதுதான்.

அக்காவின் பொருட்களில் எனக்கென்று வசந்தி தந்தது, அடியில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்த ஒரு சிவப்பு நகப்பூச்சுப் போத்தல். நேற்றுப் பின்னேரம் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, நாலு பொருத்துக்கும் அதைப் பூசினேன். பக்கமூடியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். இனி அது தேவையில்லை. மச்சான் நடராசா படலையில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், திரும்பவும் சடங்கோ?"

"ஓம்" என்றேன். "முந்தி ஒருக்கால் நான் குழப்பின சடங்கு."

பிறகு எஞ்சினை எழுப்பி ஹோனை அடித்தேன், மெல்ல ஒரு தரம், முறுக்கி ஒரு தரம். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா, நல்லா ஓடுதெண்டு சொல்ல மாட்டன். இண்டைக்கு ஓடுது.